துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் அண்ணன், தம்பிகள் கவனத்துக்கு

தேர்தல் தேதி அறிவித்ததும் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடுவார்கள். துப்பாக்கியை ஒப்படைக்கும்போது ரசீதில் அதன் எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்து வாங்குங்கள். அதற்கு முன்னால் குழலுக்குள் எண்ணெய்த் துணி விட்டு நன்றாக இழுத்துவிடுங்கள், சாயல்குடி, வாலிநோக்கம் பக்கத்து உப்புக்காற்றுக்கு எந்த இரும்பும் தாங்காது, மழைக்காலம் முடிந்து முதல் தடவை இழுத்தால் துணியில் செம்மண் நிறத்தில் துரு ஒட்டி வரும்.

2019 ஆயுதச் சட்டத்திருத்தப்படி ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். தாத்தா காலத்துத் துப்பாக்கி என்றாலும் அதே கணக்கு.

அப்புறம், கடலைக் கொல்லையைப் பன்றி உழுதுபோட்டால் வயிறு எரியும், தெரியும். ஆனாலும் நாமாகச் சுடக்கூடாது, வனத்துறைக்கு மனு கொடுங்கள். மயில் பக்கம் குழலைத் திருப்பவே வேண்டாம்.

கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுடுகிற பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட விழலாம். மேலே போன குண்டு யார் தலையில் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை நாய் வேட்டுச் சத்தம் கேட்டாலே காதை ஒட்ட மடக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய் நடுங்கும், அன்றைக்குச் சோறும் தொடாது. வாயில்லா ஜீவன், அதற்கு என்ன தெரியும் கல்யாணமா கலவரமா என்று.

தோட்டாவையும் துப்பாக்கியையும் ஒரே பீரோவில் வைக்காதீர்கள். சாவி பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. உரிமம் புதுப்பிக்க வேண்டியவர்கள் இந்த வாரமே குழுவில் சொல்லுங்கள், சேர்ந்து கலெக்டர் ஆபீஸ் போய் வருவோம்.