போர்வெல் தண்ணீரின் கூமுட்டை வாடை தீர: குடிநீர்க் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் போரைப் பற்றி யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் குழாயைத் திறந்ததும் அடிக்கும் வாடையும், பிள்ளைகளின் காலில் கறுத்துக் கிடக்கும் வெள்ளிக் கொலுசும் போதும். தைப்பூசத்துக்குக் கடலூரிலிருந்து வடலூர் நடப்பவர்கள் நம் தெருமுனைக் குழாயில் கையேந்தி, மோந்து பார்த்து, கொட்டிவிட்டுப் போகிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்கவே சங்கடமாக இருக்கிறது.

காற்றுப் புகாத ஆழத்தில் ஒருவகை பாக்டீரியா, நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக்குகிறது. அதுதான் இந்த வாடை. பாட்டிலில் சும்மா பிடித்துப் போனால் வழியிலேயே வாயு பறந்துவிடும் என்று, ஆய்வகத்தார் துத்தநாக அசிடேட் விட்ட பாட்டிலைக் கொடுத்து போரடியிலேயே பிடிக்கச் சொன்னார்கள். குடிநீரில் சல்பைடு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் தண்ணீர் தாண்டுகிறது. சல்பேட், உப்பு இரண்டும் வரம்புக்குள்தான்.

"பேசாமல் ஆர்.ஓ. பிளாண்ட் போட்டுவிடலாமே" என்று பலர் கேட்கிறீர்கள். ஆர்.ஓ. உப்பைத் தடுக்கும், கரைந்த வாயு அதையும் தாண்டி வந்துவிடும். கழிவாகக் கொட்டும் தண்ணீர் வேறு. அதனால்தான் வேண்டாம் என்றோம்.

தொட்டிக்கு மேல் துளைத் தட்டுகளை அடுக்கி, தண்ணீரை அருவியாக விழவிடப்போகிறோம். பெரும்பகுதி வாயு காற்றோடு போய்விடும். மிச்சத்தைக் குளோரின் முறிக்கும். அப்போது பிரியும் கந்தகத் துகளால் தண்ணீர் வெளுப்பாகக் கலங்கும். ஆகவே "தட்டு மட்டும் போதும்" என்பவர்கள் மன்னிக்கவும், மணல் வடிகட்டியும் கரி வடிகட்டியும் கட்டாயம் வேண்டும். தட்டுக்கூண்டு நாலு பக்கமும் திறந்தே இருக்கும். இந்த வாயு மூடிய இடத்தில் தேங்கினால், சுத்தம் செய்ய இறங்குபவர் உயிருக்கே ஆபத்து.

வீட்டுக்கு 2,000 ரூபாய் கேட்கிறோம். முடியாதவர்கள் இரண்டு தவணையாகத் தரலாம். கேன் தண்ணீருக்கு மாதாமாதம் போகும் காசைக் கணக்குப் பார்த்தால் இது பெரிதாகத் தெரியாது. சிங்கப்பூர், துபாயில் இருக்கும் நம் தெருப் பிள்ளைகள் கொஞ்சம் கூட்டியே போடலாம், உரிமையோடு கேட்கிறோம். சிமெண்ட், ஜல்லி, மணலாகவும் தரலாம். கொத்தனார், பிளம்பர் ஒருநாள் கூலியை விட்டுக்கொடுத்தாலும் நன்கொடைதான்.

கரியை அவ்வப்போது மாற்ற வேண்டியிருப்பதால், மீதிப் பணம் குழுவின் வங்கிக் கணக்கிலேயே இருக்கும். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். வரவு செலவை மாதந்தோறும் கோயில் வாசல் பலகையில் ஒட்டுகிறோம்.

இப்படிக்கு,
தெருக் குடிநீர்க் குழுவினர்