பரணில் பழைய பத்திரம் இருக்கிறதா, பாருங்கள்

சொந்தங்களே, நம் வம்சாவளிப் பட்டியல் கொள்ளுத்தாத்தாவோடு நிற்கிறது. பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ பழைய கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை ஏதாவது இருந்தால் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், லேமினேட் மட்டும் பண்ணிவிடாதீர்கள். 'இன்னார் குமாரர் இன்னார்' என்று எழுதியிருக்கும், அந்த ஒரு வரியிலேயே ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். அதற்கு முந்தைய பத்திரத்தின் எண்ணும் வருடமும் அதிலேயே கிடைத்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டு மனு போடலாம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம், எனக்கே இரண்டு முத்துசாமி குழம்பிப்போனது, அதனால் வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். அப்புறம், 1920 என்று இருப்பதைக் கறையில் 1970 என்று படித்துவிடாதீர்கள், கடைசிப் பக்க முத்திரையும் தெரியும்படி எடுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அடுத்த மாதம் போகிறேன், கூட வருகிறவர்கள் சொல்லுங்கள்.