‘இன்ஃபினிட்’ படும் பாடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘இன்ஃபினிட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலில் நிற்கும் ‘இன்’னுக்கு ‘உள்ளே’ என்று பொருள், ஆகவே ‘தனக்குள்ளேயே முடிவைக் கொண்டது’ என்பதே அதன் ஆதிப் பொருள் எனச் சென்ற இதழின் சொல்லாய்வுப் பகுதியில் படித்துவிட்டு, கையிலிருந்த காப்பி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

தாங்கள் அறியாததல்ல. லத்தீனில் ‘ஃபினிஸ்’ என்றால் எல்லை, முடிவு. அதற்கு முன்னால் நிற்கும் ‘இன்’ இங்கே எதிர்மறை. எல்லை இல்லாதது, அவ்வளவுதான். ‘உள்ளே’ என்று பொருள்படும் இன்னொரு ‘இன்’ உண்டு. பெட்ரோல் லாரியின் முதுகில் எழுதியிருக்கும் ‘இன்ஃப்ளேமபிள்’ என்பதில் இருப்பது அது. இரண்டையும் ஒன்றாக நினைத்து, ‘தீப்பற்றாது’ என்று படித்துவிட்டு அந்த லாரியருகே பீடி பற்றவைப்பவரின் கதியைத் தங்கள் கட்டுரையாளர் எண்ணிப் பார்க்கட்டும்.

முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன் நான். ‘இன்ஃபினிடிவ்’ பாடம் வரும்போது கரும்பலகையில் ‘ஓடினான்’, ‘ஓட’ என்று இரண்டு சொற்களைத்தான் எழுதுவேன். ‘ஓடினான்’ என்பது திணை, பால், எண், இடம் என்று நான்கு புறமும் வேலி போட்ட முற்று. ஆங்கிலத்தார் அதை ‘ஃபைனைட்’ என்பார்கள். ‘ஓட’ என்ற எச்சத்துக்கு அந்த வேலி கிடையாது. நான் ஓட, நீ ஓட, அவை ஓட, யாரோடும் போகும். வேலி இல்லாததால்தான் அது ‘இன்ஃபினிடிவ்’. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே வகுப்பில் விளங்கிய அந்த எதிர்மறை ‘இன்’, தங்கள் அலுவலகத்தில் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்பது வியப்பளிக்கிறது. போதாக்குறைக்கு, கட்டுரை முழுவதும் ‘இன்ஃபினிட்’ என்ற சொல்லை ‘இன்ஃபைனைட்’ என்றே அச்சிட்டிருக்கிறீர்கள். ‘ஃபைனைட்’ சரி, ‘இன்’ சேர்ந்தால் ‘இன்ஃபினிட்’ என்று பிள்ளைகளின் நாக்கைத் திருத்தியே என் தொண்டை தேய்ந்தது.

இதே பகுதியில், அபராதத்தைக் குறிக்கும் ‘ஃபைன்’ என்ற சொல், ‘நன்று’ என்ற பொருளுடைய ‘ஃபைன்’னிலிருந்து கேலியாகப் பிறந்தது என்று மூன்றாண்டுகளுக்கு முன் எழுதினீர்கள். விவகாரத்தை முடித்துவைக்கச் செலுத்தும் தொகை என்பதால், அதே ‘ஃபினிஸ்’ வழியில் வந்த பெயர் அது என்று அப்போதே எழுதினேன். கடிதம் வெளிவரவில்லை, இடமின்மை காரணமாக இருக்கலாம், அந்த வாரம் ராசிபலன் நான்கு பக்கம்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் பெயர் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்
(இன்னமும் சந்தாதாரர்)