நமது தையல் மன்றத்தின் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2024 – மார்ச் 2025)

தலைவர் அக்காவுக்கும், பொருளாளருக்கும், முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களுக்கும், மற்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வருஷம் நான் வாசித்த அறிக்கை மளிகைக்கடை ரசீது மாதிரி இருந்தது என்று இதே அறையில் இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அதனால் இந்த முறை எண்களைக் குறைத்துக்கொண்டு, நடந்ததைக் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். எண்தான் வேண்டும் என்பவர்களுக்குப் பொருளாளரின் கணக்கு தனியாக இருக்கிறது.

வருஷத் தொடக்கத்தில் 23 பேர் இருந்தோம். கல்யாணமாகி வெளியூர் போனவர்கள் 3 பேர், புதிதாகச் சேர்ந்தவர்கள் 9 பேர், ஆக இப்போது 29. புதியவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற வாத்தியார். பட்டன் தைக்கக் கற்றுக்கொண்டால் போதும் என்றுதான் வந்தார். இன்றைக்கு நம் மன்றத்தில் கைக் காஜா எடுப்பதில், அதாவது பட்டன் துளைக்குக் கையால் தையல் போடுவதில், சாரை மிஞ்ச ஆளில்லை. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக் கூட்டம் ஐப்பசி மழையில் இரண்டு வாரம் தவிர மற்றபடி தவறாமல் நடந்தது.

ஆனி மாதம் நம் பெரிய கால் மெஷின் மக்கர் பண்ணியது. அடிப்பக்கம் தையல் ஒழுங்காக விழுகிறது, மேல்பக்கம், அடியில் ஓட வேண்டிய பாபின் நூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கிறது. பார்க்க வந்த மெக்கானிக், ஷட்டிலே போய்விட்டது, 1,400 ரூபாய் ஆகும் என்றார். பணத்துக்கு என்ன செய்வது என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆச்சி ஒருவர் பாபின் கேஸைக் கழற்றி, அதன் பக்கவாட்டில் இருக்கிற தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் ஊசி முனையை விட்டு ஒரு இழுப்பு இழுத்தார். அரிசி அளவுக்குப் பஞ்சுத் தூசி வந்தது. தகடு நூலை இறுக்கிப் பிடிக்க விடாமல் அதுதான் இடையில் உட்கார்ந்திருந்தது. அப்புறம் மெஷின் பழையபடி ஓடியது. அந்தப் பஞ்சை ஒரு தாளில் மடித்துப் பொருளாளரிடம் கொடுத்தேன். 1,400 ரூபாய்க்கான வவுச்சர் என்று சொல்லி அவர் ஃபைலில் வைத்திருக்கிறார்.

அடுத்து, பலரும் நான் தாண்டிப் போய்விடுவேன் என்று நினைக்கிற விஷயம். தாம்பூலப் பை.

ஆவணி முகூர்த்தத்துக்கு 300 பை, பைக்கு 32 ரூபாய் என்று ஒரு வீட்டார் கேட்டார்கள். ஒப்புக்கொண்டது நான்தான், யாரையும் கலந்து பேசவில்லை. துணி 19 ரூபாய், கைப்பிடி நாடா 3, பெயர் அச்சடிக்க 5 ரூபாய் 50 காசு. மிச்சம் பைக்கு நாலரை ரூபாய். 15 பேர் 17 நாள் உட்கார்ந்தோம். கைப்பிடி ஒரு விரல் அளவு கோணல் என்று 20 பையைத் திருப்பி, அதற்கான 640 ரூபாயையும் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஆளுக்கு 47 ரூபாய் வந்தது. அதில் மூன்று பேர் ஆட்டோவுக்கே அதைவிட அதிகம் செலவழித்திருந்தார்கள்.

அந்த வீட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். திருப்பியனுப்பிய பைகளை மேஜையில் பரப்பிப் பார்த்தேன். எல்லாம் கடைசி நூறில் தைத்தவை. யார் கைக்குப் போகிறது, அதில் தேங்காய் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எதுவும் தெரியாமல் தைத்துத் தைத்து நம் கை சலித்துப்போனது அந்தத் தையலில் அப்படியே தெரிந்தது.

புரட்டாசியில் நவராத்திரி வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால் புது உறுப்பினர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார்: "வெத்தலைப் பாக்கோட வச்சுக் கொடுக்கற ஜாக்கெட் பிட்டை யாராவது தச்சுப் போட்டுப் பாத்திருக்கீங்களா?" சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஊரில் பாதி பிட்டுகள் வீடு வீடாகச் சுற்றுவதற்கென்றே பிறந்தவை. நான் ஒரு கொலுவுக்குக் கொடுத்த மயில்நீலப் பிட், தை வெள்ளிக்கு வேறு ஒரு வீட்டுத் தாம்பூலத்தில் எனக்கே திரும்பி வந்திருக்கிறது. மடிப்புகூடக் கலையவில்லை.

சரி, இந்தச் சுற்றை நிறுத்துவோம், பிட்டைச் சுருக்குப்பையாகத் தைத்துவிடுவோம் என்று முடிவு செய்து ஆளுக்கு இரண்டு பிட் கொண்டுவரச் சொன்னோம். மொத்தம் 41 வந்தது. ஒரு பிட்டில் சுருக்குப்பை எட்டு வெட்டலாம், உள்துணியும் அதிலேயே எடுத்தால் நாலு. பாலியஸ்டர் பிட் மெஷினில் வழுக்கும் என்பதால் உள்ளே பழைய பருத்திச் சேலைத் துணி வைத்தோம். சுருக்குப்பையில் சூட்சுமமே கயிறு ஓடுகிற பட்டிதான். இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் திறந்து விட வேண்டும். ஒரு கயிறு வலப்பக்கம் புகுந்து சுற்றி வலப்பக்கமே வர வேண்டும், இன்னொன்று இடப்பக்கம். அப்போதுதான் இரண்டையும் இழுத்தால் வாய் மூடும். முதல் நாள் ஆர்வத்தில் ஏழு பைக்குப் பட்டியை முழுசாக மூடித் தைத்துவிட்டோம். பிரித்தது யார் என்று நான் சொல்லப் போவதில்லை, அவர் இன்னும் கோபமாக இருக்கிறார்.

ஆனால் அந்தப் பைகளைத் தைக்கும்போது பேச்சே வேறு மாதிரி இருந்தது. இது பெரியம்மாவுக்கு, வெற்றிலை போடுவார், உள்ளே சுண்ணாம்பு டப்பாவுக்கு ஒரு குட்டி அறை வை. இது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு, பல்லாங்குழிச் சோழி போட்டு வைப்பாள், கயிறு கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். ஒரு பைக்கு ஆன நேரம் மூன்று தாம்பூலப் பைக்குச் சமம். அதைப் பற்றி ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

கார்த்திகையில் நம் உறுப்பினர் ஒருவரின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. ஜபலா தைத்துக் கொடுக்கலாம் என்றதும் ஒரு ஆச்சி தன் வீட்டுக்காரரின் வேட்டியைக் கொண்டுவந்தார். தாத்தா தவறி நாலு வருஷம் ஆகிறது. பல வருஷம் வெளுத்து வெளுத்துக் கஞ்சியெல்லாம் போய், விரலுக்கு இடையில் வைத்தால் துணி இருப்பதே தெரியாது. பச்சைக் குழந்தையின் உடம்புக்கு அதைவிடத் தோதான துணி எந்தக் கடையிலும் கிடையாது. கொதிக்கும் தண்ணீரில் இரண்டு முறை அலசி, நிழலில் உலர்த்தினோம். தையல் ஓரம் உடம்பை உறுத்தாமல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி வைத்தோம். பட்டனும் ஊக்கும் கூடாது, கட்டுவதற்கு நாடாதான். வெட்டுவதற்கு முன்னால் ஆச்சி வேட்டியின் கரையை மட்டும் ஓரமாகக் கிழித்து எடுத்து, சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆறு ஜபலாவும் தைத்து முடித்து நாடாவுக்குத் துணி தேடிக்கொண்டிருந்தபோது இடுப்பிலிருந்து அந்தக் கரையை எடுத்து மேஜையில் வைத்தார். பச்சைக் கரை நாடா வைத்த அந்த ஜபலாவைப் போட்டுக்கொண்டுதான் அந்தப் பிள்ளை பெயர் சூட்டுக்கு உட்கார்ந்தது.

தை மாதம் எல்லோரும் பஸ் ஏறிப் பத்தமடை போனோம். இத்தனை பக்கத்தில் இருந்தும் பாதிப் பேர் அங்கே பாய் நெய்வதைப் பார்த்ததில்லை. தாமிரபரணிக் கரைக் கோரையை நெட்டுவாக்கில் கீறி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, சாயம் ஏற்றி, அதற்கப்புறம்தான் தறிக்கு வருகிறது. முன்காலத்தில் சிவப்புக்குச் சப்பங்கி மரத்தைக் கொதிக்க வைத்து எடுத்தார்களாம். பாவு பருத்தி நூல். பட்டுப் பாய் என்று பெயர் இருந்தாலும் அதில் பட்டு கிடையாது, துணி மாதிரி மடிகிற மென்மைக்குத்தான் அந்தப் பெயர். புவிசார் குறியீடு வாங்கிய பாய் அது. நாங்கள் வெகுநேரம் நின்றது கல்யாணப் பாய்க்கு முன்னால். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், கல்யாணத் தேதி எல்லாம் பாயிலேயே நெய்து வருகிறது. "கல்யாணம் நின்னுட்டா இந்தப் பாயை யார் வாங்குவா?" என்று நம் பொருளாளர் கேட்டார். அவருடைய கவலை அவருக்கு. அந்த ஒரு வீட்டைத் தவிர அது வேறு எந்த வீட்டுக்கும் ஆகாது, உண்மைதான். திரும்பும் வழியில் பஸ்ஸில் தாம்பூலப் பைப் பேச்சு மறுபடி வந்தது, ஆனால் இந்த முறை யாரும் என்னைத் திட்டவில்லை.

மஞ்சப்பை வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கமும் வந்தது. ஆனாலும் சந்தையில் நிலவரம் நமக்குத் தெரிந்ததுதான். மாதத்தில் ஒரு நாள் சந்தை வாசலில் மெஷின் போட்டு, துணி கொண்டுவருபவர்களுக்கு இலவசமாகப் பை தைத்தோம். பழைய பேன்ட்தான் அதிகம் வந்தது. காலை வெட்டி அடியை மூடினால் பை தயார், முருங்கைக்காய்க்கு அதைவிடத் தோதான பை கிடையாது.

தாம்பூலப் பை அனுபவத்தை வைத்து, 50-க்கு மேல் ஒரே மாதிரி ஆர்டர் எடுப்பதில்லை என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. வருமானத்துக்காக இங்கே வருகிறவர்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆசைக்குத் தையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் மன்றத்துக்கு வருகிற ஜாக்கெட், பாவாடை சட்டை போன்ற அளவெடுத்துத் தைக்கும் வேலைகளை முதலில் அவர்களுக்குக் கொடுப்பது, கூலியில் மன்றம் எதுவும் பிடிக்காமல் இருப்பது என்று ஒரு யோசனை வைக்கிறேன். இன்றைக்கே பேசி முடிவெடுங்கள். தலைவர் அக்காவுக்கு இதில் வேறு கருத்து இருக்கிறது, அவரே சொல்வார்.

மாடி அறையை வாடகை இல்லாமல் தந்திருக்கும் வீட்டுக்காரருக்கும், இரண்டாவது டியூப்லைட் வாங்கித் தந்த சாருக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. பச்சைப் பிடி போட்ட கத்தரிக்கோல் துணி வெட்டுவதற்கு மட்டும். போன மாதம் யாரோ அதில் பிஸ்கட் பாக்கெட்டை வெட்டியிருக்கிறார்கள், ஓரத்தில் ஒரு துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாணை பிடிக்க 60 ரூபாய் ஆனது. அது யாரென்று எனக்குத் தெரியும். டீ வருவதற்குள் அவராகவே வந்து பொருளாளரிடம் கொடுத்துவிட்டால் நல்லது.

செயலாளர்