அக்காவுக்கு மட்டும்

சுங்கை சிப்புட், பேராக்
ஞாயித்துக்கிழமை ராத்திரி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடுதாசி வந்து சேந்துச்சு. ஊர்லேர்ந்து வந்த கீரமங்கலத்துக்காரர் பெட்டியிலேர்ந்து எடுக்கும்போதே நார்த்தங்கா ஊறுகாய் எண்ணெய் கசிஞ்சு பாதி எழுத்து மஞ்சளாக் கெடந்துச்சு. மிச்சத்தப் படிச்சே விஷயம் புரிஞ்சுபோச்சு. போன்ல ஏன் ஒண்ணும் சொல்லலன்னு கேக்காத. உங்க வீட்டுல யாரு எடுத்தாலும் ஸ்பீக்கர்ல போட்டுத் திண்ணையில வச்சிர்றீங்க. நான் இங்க என்ன கொழம்பு வச்சேங்கிற வரைக்கும் தெருவுக்கே தெரியுது. அதான் பேப்பர்ல எழுதுறேன். படிச்சிட்டு உன் பீரோவுல வை, தம்பி கண்ணுல பட வேணாம்.

பத்திர சமாச்சாரத்துக்கு அப்புறம் வர்றேன். மொதல்ல நீ கேட்டதெல்லாம்.

சாப்பாட்டுக்கு ஒரு கொறையும் இல்ல. காலங்காத்தால சோறு திங்கிற ஊரு இது. தேங்காப்பால்ல வெந்த சோத்துல வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, அவிச்ச முட்டை, ஒரு கரண்டி சம்பல் வச்சுப் பொட்டலம் கட்டித் தர்றாங்க, நாசி லெமாக்னு. சம்பல் இனிக்கும், அப்புறம் எரியும். வந்த புதுசுல இது என்னடா கொழம்புல வெல்லம் போட்ட மாதிரின்னு ஒதுக்கி வச்சேன், இப்ப அது இல்லாம வியாழக்கெழம பசார் மாலாம் போனா எதையோ மறந்த மாதிரி இருக்கு. பசார் மாலாம்னா ராத்திரிச் சந்தை. முருங்கக்கீரைக்குப் பஞ்சமே இல்ல, வேலியெல்லாம் அதுதான். புழுங்கலரிசிதான் வெல கூட. நாங்க பச்சரிசிக்கு மாறிட்டோம், ஒடம்புக்கும் அதுதான் ஒத்துக்குது.

தெனம் சாயங்காலம் மழை. துணி காயாது. வீட்டுக்குப் பின்னாடி தாமான், அதான் இந்தக் குடியிருப்பு, முடிஞ்ச உடனே செம்பனைத் தோட்டம், பாமாயில் எடுக்குற பனை. முன்ன எல்லாம் ரப்பர்தானாம், இங்க பால்மரம்னு சொல்றாங்க, இப்பக் கண்ணுக்கு எட்டுற வரைக்கும் செம்பனைதான். என் வீட்டுக்காரரு லோரியில ஏத்துறது இந்தக் குலைங்களத்தான். ஒரு குலைய என்னால தூக்க முடியாது. வெட்டுன இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள ஆலைக்குப் போயிறணும், இல்லாட்டி எண்ணெய் கெட்டுப்போவும். அதனால நேரங்காலம் கெடையாது அவருக்கு, டன்னுக்கு இவ்வளவுன்னு கூலி. ராத்திரி வர மாட்டேன்னாருன்னா மின்னல் எஃப்.எம். போட்டுட்டுப் படுத்துக்குவேன். பொறந்தநாள் வாழ்த்தெல்லாம் வாசிப்பாங்க, கேக்க நல்லா இருக்கும். யாரு யாருக்கோ எத்தன வயசுன்னு எனக்கு இப்ப மனப்பாடம்.

ஒண்ணு சொன்னா அம்மா நம்ப மாட்டா. இங்க தோட்டத்துல ஆந்தைக்குக் கம்பம் நட்டுப் பொட்டி கட்டி வச்சிருக்காங்க. எலி செம்பனைப் பழத்தத் திங்குதுன்னு ஆந்தைய வரவழைச்சுக் குடி வைக்கிறாங்க. நம்மூர்ல அது கூரையில உக்காந்தாலே அம்மா உப்ப வாரி இறைப்பா. இங்க அதுக்குச் சொந்த வீடு.

அவரோட பிள்ளைங்க ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. பெரியவ ஜொகூர்ல இருந்துக்கிட்டு சிங்கப்பூருக்குப் போய் வேல பாக்குறா. தீபாவளிக்கு வந்தா. என்னய ‘ஆன்ட்டி’ன்னு கூப்புடுறா, மரியாதையாத்தான். சின்னவன் அதிகம் பேச மாட்டான், கொணம் அப்படி.

போட்டோவுல கழுத்து மொட்டையா இருக்குன்னு கேட்டிருக்க. இந்தப் புழுக்கத்துல செயின் போட்டா வேர்க்குருவுல அரிப்புத் தாங்கல, கழட்டி வச்சிருக்கேன். லோரிக்கு கியர்பாக்ஸ் மாத்துனதெல்லாம் சமாளிச்சாச்சு. அத நெனச்சு நீ ஒண்ணும் அனுப்பக் கூடாது.

இப்ப ஒரு நல்ல சேதி. எனக்கு வேல பாக்க அனுமதி கெடச்சிருச்சு. நான் வந்த பாஸுல வேல பாக்கக் கூடாதுன்னே அச்சடிச்சிருந்துச்சு. இந்த நாட்டுக்காரரக் கட்டுனவங்க குடிநுழைவு எலாகாவுல, அதான் இமிகிரேஷன் ஆபீஸ்ல, எழுதிக் கேட்டா அனுமதி தருவாங்க. அதுக்கும் அவரு கூட வந்து உக்காரணும், கையெழுத்துப் போடணும். ஒரு நாள் லோரி ஓடாது, ஒரு நாள் கூலி போச்சு. மூஞ்சி சுளிக்காம வந்தாரு மனுஷன், அத நான் மறக்க மாட்டேன்.

முறுக்குத்தான் சுடுறேன். நீ சிரிப்ப, திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் பாத்தவ நாப்பத்தாறு வயசுல அடுப்புக்குத் திரும்பிட்டாளேன்னு. இங்க முறுக்கு நம்ம பலகாரம் மட்டும் இல்லக்கா. மலாய்க்காரங்க ஹரிராயாவுக்கு, நம்மூரு ரம்ஜானுக்கு, வைக்கிறாங்க, சீனவங்க பெருநாளைக்கு வைக்கிறாங்க. தீபாவளி முடிஞ்சா கடை மூடிருச்சுன்னு இல்ல, வருஷத்துல மூணு சீசன். டப்பா பதினஞ்சு வெள்ளி. ரிங்கிட்டத்தான் நம்மாளுங்க வெள்ளின்னு சொல்றாங்க, ஒரு வெள்ளி நம்ம இருவது ரூபாய்க்கு மேல. பாக்கெட் எண்ணெய் கிலோ ரெண்டரை வெள்ளிதான், கவர்மெண்டு மானியம். ஆனா அது வீட்டுச் சமையலுக்கு மட்டும், யாவாரத்துக்கு எடுக்கக் கூடாது. பின்வாசல்ல கையெட்டுற தூரத்துல எண்ணெய் மரம் நிக்குது, நான் கடையில பாட்டில் எண்ணெய அதிகக் காசு குடுத்து வாங்குறேன்.

தனியாள் யாவாரம்னு பதியணும்னா குடிமக்களா இருக்கணும், இல்ல நிரந்தரவாசியா செவப்பு ஐ.சி., அதான் அடையாள அட்டை, வச்சிருக்கணும். எனக்கு அதக் கேக்கவே அஞ்சு வருஷம் இங்க இருந்திருக்கணும். அதனால யாவாரம் அவரு பேர்ல. ஆனா பேங்க் கணக்கு என் பேர்ல. அது லேசுல நடக்கல. ஒரு பேங்க்ல புருஷன் கணக்கு இருக்கேம்மா, அது போதாதான்னு கேட்டாங்க. போதாதுன்னு சொல்லிட்டு வெளியில வந்துட்டேன். வேறொரு பேங்க்ல பாஸ்போர்ட்டு, கல்யாணப் பத்திரம், வேல அனுமதி எல்லாத்தையும் வாங்கிப் பாத்துட்டுத் தொறந்து குடுத்தாங்க. இப்ப வாங்குறவங்க கியூ.ஆர். கட்டத்தப் போன்ல காட்டுனா காசு நேரா அங்க போயிருது. அட்டை வந்த அன்னிக்கு ராத்திரி தலமாட்டுல வச்சுப் படுத்தேன். கழுத்து மரத்துப்போனாலும் போவட்டும்னு.

கொஞ்சம் யோசிச்சுப் பாருக்கா. மொத வீட்டுக்காரர் இருந்தப்ப சம்பளக் கவர அவரு கையில குடுத்தேன். அவரு போனப்புறம் தம்பி கையில குடுத்தேன். பஸ்சுக்குக் காசு வேணும்னா கேட்டு வாங்கணும், என்னத்துக்குன்னு சொல்லணும். யாரும் கொடுமைப்படுத்துனாங்கன்னு சொல்ல வரல. யாரையும் கேக்காம எடுத்துச் செலவு பண்ண ஒரு ரூபா எனக்குன்னு இருந்ததில்ல, அவ்வளவுதான். கோடீஸ்வரி ஆகணும்னு இந்த வயசுல ஆசையில்ல. அவருக்கு ஒண்ணு ஆனாலும், எனக்கு முடியாமப் போனாலும், ஒரு வருஷம் யாரு வாசல்லயும் நிக்காமச் சாப்புடுற அளவுக்குச் சேத்துறணும். அதுக்கப்புறந்தான் மத்தது. நோட்டுல எழுதி வச்சிருக்கேன், பாதிக்கு இன்னும் வரல.

இதுல எனக்கு வாத்தியாரு எதுத்த வீட்டு ஆயா. எம்பது வயசுக்கு மேல. ரப்பர் சீவுன பழக்கத்துல இன்னமும் விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சிரும். எந்திரிச்சுச் சும்மா இருக்குமா? தெருவு பூராவும் கூட்டும். நெத்தியில லைட்டுக் கட்டிக்கிட்டுக் கூட்டும். புதுசா குடிவந்த சீனக் குடும்பம் பயந்துபோயி போலீசுக்குப் போன் போட்டுருச்சு. வந்த போலீஸ்காரப் பையனக் குப்பைய அள்ளிப் போட்டுட்டுப் போகச் சொல்லியிருக்கு ஆயா. அவனும் அள்ளிப் போட்டுட்டுத்தான் போனான். என் முறுக்க எடுத்துச் சுத்த எண்ணும். ஒரு சுத்து கொறஞ்சா “ஏமாத்தாத”ன்னு திட்டும். காசு மட்டும் குடுக்காது.

அது சொன்ன கதை இது. அப்ப வெள்ளக்காரக் கம்பெனிங்க தோட்டத்தத் துண்டு துண்டா வித்துட்டுக் கெளம்புனாங்களாம். தோட்டம் கைமாறுனா வேல போகும், வேல போனா லயத்து வீடும், தோட்டத்துல குடுத்த வரிசை வீடு அது, போகும். பொறந்து வளந்த சனம் சட்டிபானையோட ரோட்டுல நின்னுச்சாம். இந்த ஊர்லயே பொறந்தவரு துன் சம்பந்தன், மந்திரியா இருந்தாரு. அவருதான் 1960ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம்னு தொடங்கி, தோட்டக்காட்டு சனத்துக்கிட்ட மாசாமாசம் பத்துப் பத்து வெள்ளியா வாங்கி, அந்தக் காசுலயே தோட்டங்கள வாங்குனாரு. ஆயா அப்பச் சின்னப் பொண்ணு. புருஷனுக்குச் சொல்லாம கைநாட்டு வச்சுப் பங்கு சேந்திருக்கு. தெரிஞ்சு அடிச்சானாம். “அடி ஆறிப்போச்சு, பங்கு இருக்கு பாரு”ன்னு அரிசிப் பானையிலேர்ந்து அந்தக் காயிதத்த எடுத்துக் காட்டுச்சு.

இங்க பொம்பளைங்க கூட்டு கட்டுவாங்க, நம்ம சீட்டேதான். 1971லயே சட்டம் போட்டுத் தடை பண்ணிட்டாங்க, இருந்தும் நடக்குது. என்னயும் கூப்புட்டாங்க. நம்ம கடைத்தெரு சீட்டுக்காரன் ராத்திரியோட ராத்திரியா ஓடுனப்ப நீ மாரடிச்சுக்கிட்டு அழுதத நான் பாத்தவ. மாட்டேன்னுட்டேன். ரெண்டு பேரு மொகத்தத் தூக்கி வச்சிருக்காங்க, முறுக்கு வேணும்னா வருவாங்க.

காசு சமாச்சாரம் இன்னும் ரெண்டு இருக்கு. நான் வெளிநாட்டுல குடியிருக்கிறவ ஆயிட்டதால என் பேர்ல புதுசா பி.பி.எஃப்., அதான் கவர்மெண்டு சேமிப்புக் கணக்கு, தொடங்க முடியாது. அதனால என் பய பேர்ல போஸ்ட் ஆபீஸ்ல தொடங்கிரு, அவனுக்குத்தான் பதினெட்டு தாண்டிருச்சே. வருஷத்துக்கு 500 ரூபாய்க்குக் கொறையக் கூடாது, 1,50,000க்கு மேல போகக் கூடாது, 15 வருஷம். முப்பத்தஞ்சு வயசுக்குள்ள அவன் கையில ஒரு தொகை நிக்கும். நான் அனுப்புறதுல கால்வாசி அதுல போடு, மிச்சம் அவன் பீஸுக்கும் சாப்பாட்டுக்கும். அப்புறம் என் பழைய பேங்க் கணக்க என்.ஆர்.ஓ. கணக்கா, வெளிநாட்டுல இருக்கிறவங்க வச்சுக்கிற கணக்கா, மாத்தணும், பாரம் அனுப்புறேன். அந்த ஏ.டி.எம். கார்டு தம்பிகிட்டதான் இருக்கு. நயமாக் கேட்டு வாங்கிரு.

பய ராத்திரி சாப்புடுறானா? கேட்டா “ம்”ங்கிறான். வீடியோவுல பாத்தா கன்னம் ஒட்டியிருக்கு. உன் ஊறுகாயத் தொறந்தேன் நேத்து. தயிர்சோத்துக்குத் தொட்டுக்கலாம்னுதான் தொறந்தேன். அந்த வாசன வந்ததும் கெணத்தடி, அம்மா நறுக்கிப் போடுற சாக்கு, அவன் சின்னதுல உப்புல கையத் தொட்டு நக்கிக்கிட்டு அவ பின்னாடியே திரியிறது எல்லாம் வந்துருச்சு. சோத்த வச்சிட்டுப் பின்வாசல்ல போய் உக்காந்துட்டேன். அவன வளக்குறவ நீ, பெத்தவ போன்ல கன்னத்தப் பாத்துக் கணக்குப் போடுறேன். அவனுக்குக் கோவம் இருந்தா இருக்கட்டும்க்கா. சொல்லிச் சரிக்கட்டாத. அவனாக் கேக்குறப்ப நான் சொல்லிக்கிறேன்.

சரி, பத்திரம். அப்பா நெலத்துல என் பங்க விட்டுக்குடுக்குற விடுதலைப் பத்திரம் தயாரா இருக்குன்னு தம்பி சொல்றான், வந்து கையெழுத்துப் போடுன்னு சொல்லச் சொன்னதா எழுதியிருக்க. நான் போட மாட்டேன். கோவத்துல சொல்லல. அந்த நெலம் அப்பா சொந்தமா வாங்குனது, உயில் எழுதாமப் போனாரு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அதுல அம்மாவுக்கும் நம்ம மூணு பேருக்கும் சமபங்கு, ஆளுக்குக் கால்வாசி. நான் ரெண்டாவது கட்டிக்கிட்டு வந்துட்டதால உரிமை போச்சுன்னு தம்பி பொண்டாட்டி சொல்றாளாமே. அப்பா சொத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. புதுக்கோட்டையில மச்சானுக்குத் தெரிஞ்ச வக்கீலக் கேட்டுக்க.

தம்பிக்கு எடைஞ்சல் பண்ண வரல. அவனே உழட்டும். என் பங்குக்குக் குத்தகை எனக்கு வேணாம், அம்மா மருந்துக்குக் குடுக்கட்டும். பட்டா மட்டும் நாலு பேரு பேருலயும் கூட்டுப் பட்டாவாவே இருக்கணும். என் பங்க வாங்கிக்கிறேன்னான்னா கவர்மெண்டு வச்ச கைட்லைன் மதிப்புக்கு மேலயே கேக்க மாட்டேன், ஆனா பணம் என் கணக்குக்கு வந்தப்புறந்தான் கையெழுத்து. வாய்ப்பேச்சு வேணாம்.

எனக்குப் பதிலா அங்க கையெழுத்துப் போட ஆள் வேணும்னா உனக்குத்தான் பவர் எழுதுவேன். நான் கோலாலம்பூர்ல நம்ம தூதரகத்துக்குப் போய் அவங்க முன்னாடி கையெழுத்துப் போட்டு அனுப்பணும், அது உன் கைக்கு வந்த மூணு மாசத்துக்குள்ள நீ முத்திரைத்தீர்வை கட்டணும். விக்கிற அதிகாரம் அதுல எழுத மாட்டேன், உன்மேல நம்பிக்கை இல்லாம இல்ல. உன்ன யாரும் நெருக்கக் கூடாதுல்ல. மச்சான்கிட்டயும் இப்படித்தான்னு சொல்லிரு. நீயும் உன் பங்க விட்டுக்குடுக்காத. நகை போட்டு அனுப்புனதோட கணக்கு முடிஞ்சுருச்சுன்னு பேசுவாங்க. பேசட்டும்.

அம்மாவோட பெரிய முறுக்கு உரலு, பித்தளையில இருக்குமே, அது பரண்ல சும்மாத்தான் கெடக்குது. கீரமங்கலத்துக்காரர் தை மாசம் திரும்புறாரு, துணியில சுத்திக் குடுத்துவிடு. மூணு கண்ணு வச்ச அச்சும் சேந்தே வரணும். ஊறுகாய் வேற பெட்டியில வையி.

தம்பி வந்து கேட்டான்னா, அவளே உனக்கு எழுதுவா போன்னு மட்டும் சொல்லு. அது வரைக்கும் அம்மாவ யாரு எந்த ஆபீசுக்குக் கூப்புட்டாலும் நீ கூடப் போகாம அனுப்பாத. கைநாட்டு வைக்கிறதுக்கு முன்னாடி பயல விட்டு முழுசா வாசிக்கச் சொல்லு.

இப்படிக்கு,
உன் தங்கச்சி