இந்த முறை பருத்தி வேண்டாம், அப்பா

சேந்த் ஆந்த்ரே, ரீயூனியன்
ஜூன் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நால்வரும் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன என்று தம்பியை விட்டாவது எழுதச் சொல்லுங்கள். மாங்கனித் திருவிழா நெருங்குகிறது. கடையில் வேலை குவிந்து கிடக்கும், தெரியும். ஆனாலும் போன ஞாயிறு போனில், "பிள்ளைகளுக்கு இந்த வருஷம் என்ன தைத்து அனுப்பட்டும்?" என்று நீங்கள் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. துணியும் அளவும் சம்பந்தப்பட்ட விஷயம் போனில் பாதிதான் வந்து சேரும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று வருஷமாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தது.

நாங்கள் இந்தப் பிரெஞ்சுத் தீவுக்கு வந்த முதல் ஆகஸ்டில் எரிமலை பார்க்கப் போனோம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஆகஸ்ட் இங்கே குளிர்காலம். ஆனால் கடற்கரை ஓரத்தில் இருக்கிற நம் வீட்டில் அது தெரியாது. ஊரில் மார்கழிக் காலை மாதிரி இதமாக இருக்கும், அவ்வளவுதான். சின்னவனுக்கு அப்போது நாலு வயது. நீங்கள் தைத்துக் கொடுத்த முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ். பெரியவளுக்கு பருத்திச் சுடிதார். மேலே ஆளுக்கொரு பனியன் துணி ஸ்வெட்டர். போதும் என்று நினைத்தேன். சேன் பெனுவா வழியாகக் கார் ஏறிக்கொண்டே போனது. பிளேன் தே காஃப்ர் வந்ததும் கண்ணாடியில் ஆவி படிந்தது. அதைத் தாண்டினால் ஒரு மரம்கூட இல்லாத செம்மண் வெளி. கடைசியில் பா த பெல்கோம்ப் என்ற விளிம்பு. 2,311 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். அப்படியானால் கடற்கரையை விட அங்கே பதினைந்து டிகிரி குறைவு. இந்தக் கணக்கைப் பிறகுதான் போட்டேன். அன்றைக்குப் போட்டிருக்க வேண்டும்.

விளிம்பிலிருந்து 527 படிகள் இறங்கினால் எரிமலையின் பழைய வாய்க்குள் நிற்கலாம். கீழே ஃபோர்மிகா லேயோ என்று ஒரு குட்டிக் குன்று, செங்கல் பொடியைக் குவித்து வைத்தது போல. பிள்ளைகள் குதித்துக்கொண்டு ஓடினார்கள். பத்து மணிக்கு மேகம் ஏறி வந்தது. மழை என்று சொல்ல முடியாது, தூறலோடு கலந்த பனிமூட்டம். அரை மணியில் ஜீன்ஸும் சட்டையும் குடிக்க முடிந்த அளவு ஈரத்தைக் குடித்துவிட்டன. சின்னவன் முதலில் நடுங்கினான். பிறகு நடுக்கம் குறைந்து பேசாமல் ஆகிவிட்டான். எதற்கும் வாய் ஓயாத பிள்ளை. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு கிரெயோல் அம்மா, இந்தத் தீவுக்காரர், எதையும் கேட்கவில்லை. உட்கார்ந்து அவன் சட்டையைக் கழற்றி, தன் துவாலையால் துடைத்து, தன் மகளின் கம்பளி போன்ற ஒரு மேலுடையை மாட்டி, அதன் மேல் ஒரு மழைக்கோட்டைப் போட்டு ஜிப்பை மூக்கு வரை இழுத்துவிட்டார். கால் மணி நேரத்தில் பிள்ளைக்குப் பேச்சு வந்தது. உங்கள் மாப்பிள்ளை அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு 527 படியும் ஏறினார். அந்த அம்மா மேலே வந்து அந்த ஈரச் சட்டையை என் கையில் கொடுத்துச் சொன்னது ஒரே வார்த்தைதான்: "பா கோத்தோன், மதாம்." பருத்தி கூடாது.

எனக்கு அழுகை வந்தது, அப்பா. அது நீங்கள் தைத்த சட்டை. "உடம்புக்குப் பருத்திதான்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தீர்கள். அதில் தப்பு இல்லை. சித்திரை வெயிலில் வியர்வையைப் பருத்தி உறிஞ்சி மெல்லக் காயவிடுகிறது, காயும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காரைக்காலில் அது தெய்வச் செயல். மலையில் அதே வேலைதான் ஆபத்து. அசையாத காற்றை விடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஈரப் பருத்தியை ஒட்டிக்கொண்டு நிற்பது, குளிர்ந்த தண்ணீரைப் போர்த்திக்கொண்டு நிற்பது போல. குழந்தையின் உடம்பு சின்னது, சூடும் சீக்கிரம் போய்விடும்.

அதன்பின் நான் துணிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். கடைக்குப் போனால் உங்கள் மகளாகத்தான் போகிறேன்: உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்துவிட்டுத்தான் விலைச்சீட்டைப் பார்ப்பேன்.

இங்கே மலை உடுப்பை வெங்காயம் என்கிறார்கள், உரி உரியாகப் போட்டு உரி உரியாகக் கழற்றுவதால். உடம்போடு ஒட்டியது மெல்லிய பாலியஸ்டர் பின்னல் அல்லது மெரினோ ஆட்டு ரோமம். பாலியஸ்டர் இழை தண்ணீரைக் குடிக்காது, வியர்வையை வெளிப்பக்கம் கடத்திவிடும். ஆனால் ரெண்டு நாள் போட்டால் நாற்றம். மெரினோ நாறாது, ஈரமானாலும் சூடு காக்கும், விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும். பெரியவளுக்கு ஒன்று வாங்கினேன், இரவு போட மட்டும். நடுவில் வருவது அந்த அம்மா மாட்டிவிட்ட துணி, ஃப்ளீஸ். பாலியஸ்டரைப் பின்னி, மேல்பக்கத்தைச் சீவிப் பஞ்சு மாதிரி ஆக்கியது. அந்தப் பஞ்சுக்குள் காற்று சிக்கி நிற்கிறது, அதுதான் சூடு. நனைந்தால் பிழிந்து உதறிவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். வெளி உரி மழைக்கோட்டு.

மழைக்கோட்டைப் பற்றி உங்களிடம் நேரில் பேச வேண்டும் போல இருக்கிறது. லேபிளில் ஒரு எண் இருக்கும்: 2,000, 5,000, 10,000. பிரெஞ்சுக்காரர்கள் இதை ஷ்மெர்பேர் என்கிறார்கள். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தி, எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் வரை துணி கசியாமல் தாங்குகிறது என்பது கணக்கு. 10,000 என்றால் பத்து மீட்டர் தண்ணீர்த் தூண். தூறலுக்கு 2,000 போதும். இந்தத் தீவு மழைக்குப் போதாது. 1966 ஜனவரியில் டெனிஸ் புயலின்போது எரிமலைச் சரிவில் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்திருக்கிறது. உலக சாதனை அது. நம் காரைக்காலில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதை விட அதிகம். புயல் காலத்தில் நாங்கள் மலைப் பக்கமே போவதில்லை. குளிர்கால மழைக்கே 10,000 போட்ட கோட்டுதான் நிற்கிறது.

ஆனால் எண் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீருக்கு வாசல். அதனால் நல்ல கோட்டில் உள்பக்கம் தையல் மேலேயே ஒரு மெல்லிய பட்டியைச் சூட்டில் ஒட்டியிருப்பார்கள். தோளிலும் தலைமூடியிலும் இந்தப் பட்டி இல்லாத கோட்டை நான் திருப்பி வைத்துவிடுவேன். ஒருமுறை அப்படிப் பார்க்காமல் வாங்கி, பெரியவளின் முதுகு முழுக்க நனைந்து வந்தது. சிறு பிள்ளைகள் கோட்டின் தலைமூடியில் நாடா இருக்கக்கூடாது என்பது ஐரோப்பாவில் விதி, ஏழு வயதுக்குக் கீழே. சறுக்கு மரத்தில் மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும். நீங்கள் தைக்கும் குல்லா வைத்த சட்டைகளுக்கு நாடா கோர்ப்பீர்களே, அதை நிறுத்திவிடுங்கள் அப்பா. ஊரில் யாருடைய பிள்ளைக்குத் தைத்தாலும். எலாஸ்டிக் போதும்.

நிறமும் முக்கியம். மஃபாத் பள்ளத்தாக்குக்குச் சாலை கிடையாது, கால்நடையாக அல்லது ஹெலிகாப்டரில்தான் போக முடியும். போன வருஷம் கோல் தே பே கணவாயிலிருந்து லா நுவேல் வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்தோம். மூட்டம் இறங்கியபோது கருநீலம் போட்ட மற்றப் பிள்ளைகள் பத்தடியில் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள். நம் பிள்ளைகள் இருவரும் ஆரஞ்சும் மஞ்சளும். நாகப்பட்டினம் படகுகளில் கட்டும் கொடி மாதிரி தெரிந்தார்கள். ஆளுக்கொரு விசிலும், உடம்புச் சூட்டைக் காக்கிற, தகடு போல மடித்து வைக்கும் வெள்ளி நிறப் போர்வையும் பையில் இருக்கும். அக்டோபரில் தீவைக் குறுக்கே ஓடிக் கடக்கிற கிராண்ட் ரெய்ட் பந்தயக்காரர்களுக்கே அந்த இரண்டும் கட்டாயம். பிள்ளைகளுக்கு ஏன் வேண்டாம்?

செருப்பு விஷயத்தில்தான் எனக்கும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் சண்டை. அவர் மலபார்க் குடும்பம், தமிழ் வம்சாவளிக்காரர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பெயரில் தமிழ் இருக்கிறது, வாயில் கிரெயோல் மொழி. திரௌபதி அம்மன் தீமிதியில் வெறுங்காலோடு பூக்குழி இறங்குகிறவர். சின்ன வயதில் ரப்பர்ச் செருப்போடு மலை ஏறியிருக்கிறார், அதற்கு இங்கே சவாத் தே த்வா என்று பெயர். "பிள்ளைக்கு எதற்கு இத்தனை பெரிய பூட்ஸ்?" என்று கேட்பார். ஆனால் எரிமலைக் குழம்பு ஆறின பாறை இரண்டு விதம். ஒன்று வழவழப்பாகப் பாய் சுருட்டினது போல. இன்னொன்றை க்ராத்தோன் என்கிறார்கள், உடைந்த கண்ணாடி ஓடு. அதில் விழுந்த முழங்காலை நான் கழுவியிருக்கிறேன். கணுக்காலை மூடின, அழுத்தமான அடியுள்ள பூட்ஸ்தான் என்று நின்றுவிட்டேன். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும்போது, மலைக்குப் போடும் அதே காலுறையோடு போய் வாங்குவேன். விரல் முன்னால் ஒரு சென்டிமீட்டர் விட்டு எடுப்பேன். கடையில் சரிவுப் பலகை இருந்தால் இறங்கச் சொல்வேன். இறங்கும்போது விரல் முட்டினால் வேண்டாம். பிரெஞ்சு அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் முக்கால் சென்டிமீட்டர்கூட இல்லை, சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்குதான். வளரட்டும் என்று மூன்று நம்பர் கூட்டி வாங்கினால் கால் கொப்பளம் போடும். பள்ளிக்கூடச் சட்டையில் செய்கிற சிக்கனத்தைப் பூட்ஸில் செய்யக்கூடாது.

சிக்கனத்துக்கு வேறு இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுப் பழைய சாமான்களைத் தெருவில் பரப்பி விற்பார்கள். சின்னவனின் மழைக்கோட்டு அங்கே ஆறு யூரோவுக்குக் கிடைத்தது, பட்டியெல்லாம் அப்படியே இருந்தது. முன்பெல்லாம் இந்தக் கோட்டுகளில் தண்ணீர் ஒட்டாமலிருக்க அழியாத ரசாயனம் பூசுவார்களாம். 2026 ஜனவரி முதல் அப்படிப்பட்ட புதுத் துணியைப் பிரான்சில் விற்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அந்த விஷயத்தில் மட்டும் புதிது வாங்க மனம் வருகிறது.

கடலுக்கு அதிகம் வேண்டாம். பவளம் கிழிக்காமலிருக்கப் பிளாஸ்டிக் செருப்பு, முதுகு வெந்துபோகாமலிருக்க முழுக்கை நீச்சல் சட்டை.

இப்போது நீங்கள் தைக்க வேண்டியது. மழைக்கோட்டை விட்டுவிடுங்கள், அந்தப் பட்டி ஒட்டும் மெஷின் இல்லாமல் நடக்காது. ஃப்ளீஸ் உங்களால் முடியும். திருப்பூர் மீதத் துணி விற்கிறவரிடம் போலார் ஃப்ளீஸ், 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) என்று கேளுங்கள். வெட்டினால் பிசிறு வராது, ஓரம் அடிக்க வேண்டாம். துணி இழுபடும், அதனால் பனியன் துணிக்குப் போடும் ஊசியைப் போடுங்கள், தையல் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். இஸ்திரி பட்டால் உருகிவிடும், ஜாக்கிரதை. பெரியவளுக்கு மார்பு 29, கை 21. சின்னவனுக்கு மார்பு 24, கை 16. முன்னால் முழு ஜிப், நடக்கும்போது திறந்து மூட. ஜிப்பின் உச்சியில் தாடையில் உரசாமல் ஒரு சின்னத் துணி மடிப்பு வையுங்கள். பாக்கெட்டுக்கும் ஜிப் வேண்டும், விசில் விழுந்துவிடக்கூடாது. மிச்சத் துணியில் ரெண்டு குல்லா.

தீபாவளிக்கு மட்டும் பருத்திதான் அப்பா, கண்டிப்பாக. சேந்த் ஆந்த்ரேயில் ஊரே திரண்டு கொண்டாடுகிறது, மத்தாப்பு கொளுத்தாமல் பிள்ளைகள் விடமாட்டார்கள். பாலியஸ்டரில் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பெரியவளுக்குப் பாவாடை சட்டை, பச்சை கேட்கிறாள். சின்னவனுக்கு வேட்டியும் சட்டையும். அது நவம்பர் விஷயம், அவசரம் இல்லை.

ஃப்ளீஸ் இரண்டும் ஜூலைக் கடைசிக்குள் வந்தால் ஆகஸ்டில் மறுபடி எரிமலைக்குப் போவோம். அந்தப் படிகளை இந்த முறை தானே ஏறுவேன் என்கிறான் சின்னவன். என் பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு வைப்பீர்களே, அதே மாதிரி கை ஓரத்தில் இரண்டு இன்ச் உள்ளே மடித்துத் தையுங்கள். அடுத்த வருஷம் நான் பிரித்துக்கொள்கிறேன்.

உங்கள் அன்பு மகள்