தோலில் ஊசி போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

தளர்ந்த தோலை இறுக்கும் என்று அழகு நிலையங்கள் விளம்பரம் செய்யும் மைக்ரோநீட்லிங், நுண்ணூசித் துளைகள் ஆறும்போது உருவாகும் கொலாஜன் என்ற, தோலுக்கு உறுதி தரும் புரதத்தை நம்பிய சிகிச்சை. கண்ணோரத்தில் சுமார் 0.5 மி.மீ. ஆழம் போதும், கன்னத்தில் 1.5 மி.மீ. வரை போகலாம். முகம் முழுக்க ஒரே ஆழத்தில் ஊசிக் கருவியை ஓட்டுவது தவறு. மரப்புக் களிம்பு பூசி அரை மணி நேரமாவது பொறுத்து, அதைச் சுத்தமாகத் துடைத்தெடுத்து, கிருமிநாசினி தடவ வேண்டும். பொட்டுப் பொட்டாக ரத்தம் தெரிந்ததும் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். மேலும் அழுத்தித் தேய்த்தால் நம் மாநிறத் தோலில் கருமை படிந்து மாதக்கணக்கில் நிற்கும்.

கருவியின் முனையில் மாட்டும் ஊசித் தலை ஒருவருக்கு ஒருமுறைதான். உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள், தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். துளைகள் மூடுமுன் வைட்டமின் சி சீரம் பூசினால் ஒவ்வாமைக் கட்டிகள் வரலாம். சீழ்ப்பரு, உதட்டு அக்கி, தழும்பு தடித்து வளரும் உடல்வாகு இருந்தால் வேண்டாம்.

4 முதல் 6 வார இடைவெளியில் 3 முறையாவது தேவை. மெல்லிய சுருக்கம் குறையும். தொங்கும் தாடைத் தோலை இது தூக்காது. பணம் வாங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

– தோல் மருத்துவர் ஒருவர், திருச்சி